பதினோரு கிலோ

எங்கள் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். குடிக்கிற மில்லி இல்லை, மில்லிமீட்டரில் வருகிற மில்லி. "கொஞ்சம் தள்ளி வை" என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. "ரெண்டு மில்லி இடது பக்கம்" என்பார். வீட்டில் அவர் கணவர் கடிகாரம் மாட்டச் சுவரில் ஆணி அடித்தாலும் இதே பாட்டுத்தானாம். அந்த மனிதர் ஒருநாள் சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார் என்று அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாங்கள் செய்வது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு சீறிப் போகும். பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே நாற்பத்து மூன்று பேர். வாரத்துக்கு ஒரு வண்டி, எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு. என்ஜினை வெளியில் வாங்குவோம். மற்றதெல்லாம் எங்கள் கைவேலை. இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து ஒரு கூண்டு செய்வோம். அதுதான் வண்டியின் எலும்பு. அதன்மேல் ஃபைபர் உடம்பு ஏறும். கூண்டு மில்லி அக்காவின் பொறுப்பு. அதற்குள் ஓடுகிற ஒயர்கள் என் பொறுப்பு. முதலாளி அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு வாடகை ஷெட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அண்ணனுக்கு வாய், தங்கைக்குக் கை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வாய்க்கு ஒரு கண்ணாடி அறை கிடைத்தது. கைக்குக் கடைசிவரை ஒரு ஸ்டூல்தான்.

கதவு வரும் இடத்தில், கூண்டின் இரண்டு பக்கமும் குறுக்காக ஒரு குழாய் போகும். முதல் இரண்டு வருட வண்டிகளில் அது இல்லை. மூன்றாவது வருடம் எங்கள் வண்டி ஒன்றின் பக்கவாட்டில் பால் லாரி மோதியது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து நேராக நசுங்கிய வண்டி நின்ற இடத்துக்குப் போனார். மறுநாள் வந்து யாரிடமும் பேசாமல் அந்தக் குறுக்குக் குழாயை வரைந்தார். அதோடு கதவுக்கு அடியில் முன்பே ஓடுகிற கதவடிக் குழாயின் கனத்தையும் இரண்டரை மில்லி ஆக்கினார். பழைய வண்டிகளையும் ஒவ்வொன்றாக வரவழைத்துக் குழாய் சேர்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குழாய் இல்லாமல் ஒரு வண்டிகூட எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

போன வருடம் ஒரு காலை முதலாளி எங்கள் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நம்ம வண்டி கடல் தாண்டப் போகுது" என்றார். "செஞ்சு அனுப்பப் போறதில்ல. அங்கயே செய்யப் போறோம்."

டிராக்டர் டிரெய்லர் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் காலி ஷெட் ஒன்றை எங்கள் வண்டிக்காக ஒதுக்குகிறதாம். வருடத்துக்கு இருநூறு வண்டி. நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். பொய் சொல்லவில்லை, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. அக்கா மட்டும், "வெல்டிங் ஆளுங்க எத்தனை பேரு? யாரு கத்துக் கொடுக்கிறது?" என்று கேட்டார்.

"நீதான். வேற யாரு?" என்றார் அண்ணன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு புது வரைபடம் வந்தது. வெளிநாட்டு வண்டிக்கு ஒயர் போகும் பாதை. அந்தக் குறுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு போகிற ஒயர்க்கட்டை வேறு வழியாகத் திருப்பியிருந்தார்கள். டிராயிங் பார்க்கிறவரிடம் மெயிலில் காரணம் கேட்டேன். என் வயதுக்காரர், மூன்று பிள்ளைகளின் அப்பா, அதிர்ந்து பேசத் தெரியாதவர். "அந்தக் குழாய் அங்கே வராது. முதலாளி சொல்லிவிட்டார். தயவுசெய்து மேற்கொண்டு கேட்க வேண்டாம்" என்று பதில் வந்தது.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மேலே இருக்கிறவர்கள் யோசிக்காமலா செய்திருப்பார்கள், குழாய்க்குப் பதிலாக வேறு ஏதாவது வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா எனக்கு இருபதடி தள்ளித்தான் வேலை செய்துகொண்டிருந்தார். இருபதடி நடந்து போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னும் இரண்டு மாதம் கழித்து, மூன்று வாரம் பயிற்சி கொடுக்க அக்காவும் நானும் கிளம்பினோம்.

அங்கே ஷெட் பெரியது, சுத்தமானது. எங்கள் முழுத் தொழிற்சாலையையும் அதன் ஒரு மூலையில் வைத்துவிடலாம். ஃபோர்மேன் நரைத்த மீசைக்காரர். நாங்கள் அவரை மீசை என்றே எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. மொழிபெயர்க்க ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்ததும் சிரித்தார்கள், நாற்காலி இழுத்துப் போட்டார்கள், டீ கொண்டுவந்தார்கள். மீசை மட்டும் முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். அக்கா நீட்டிய கையை ஒரு விநாடி பார்த்துவிட்டு, விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில்.

"என்ன இந்தாளு, நான் என்னமோ அவர் சொத்த எழுதி வாங்கின மாதிரி மொறைக்கிறாரு?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"பொம்பள வந்து வெல்டிங் சொல்லித்தர்றதான்னு இருக்கும்" என்றேன்.

"இங்க வெல்டிங்ல ஏழு பொம்பளைங்க இருக்காங்க. அது இல்ல."

முதல் இரண்டு நாள் வெல்டிங் பயிற்சி. தனித்தனிக் குழாய்த் துண்டுகளில் அக்கா ஒட்டவைத்துக் காட்டினார். மூன்றாம் நாள், எங்களுக்கு முன்னாலேயே அவர்கள் செய்து முடித்திருந்த ஆறு கூண்டுகளைப் பார்க்கப் போனோம். பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒரு கூண்டை மேடையில் ஏற்றச் சொன்னார் அக்கா. நான்கு பேர் வந்தார்கள். அக்காவும் ஒரு மூலையைப் பிடித்தார்.

தூக்கியதும் அவர் முகம் மாறியது.

"இறக்குங்க. தராசுல வைங்க" என்றார்.

எங்கள் கூண்டு தொண்ணூற்றிரண்டு கிலோ. பதினைந்து வருடமாகத் தூக்கியிருக்கிறார். அவர் தோளுக்கு அது மனப்பாடம். தராசு எண்பத்தொன்று காட்டியது. அக்கா துணியை முழுவதும் விலக்கினார். குறுக்குக் குழாய் இரண்டு பக்கமும் இல்லை. கதவடிக் குழாயை விரல் முட்டியால் தட்டினார். டப்பா மாதிரி சத்தம் வந்தது. குழாய் அடுக்கியிருந்த ராக்குக்குப் போய், வெட்டிய முனையில் அளவுகோலை வைத்தார். ஒன்று புள்ளி ஆறு மில்லி.

"டிராயிங் எங்க?" என்றார். குரல் ஏறவே இல்லை. அவர் குரல் ஏறாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

மீசை டிராயிங்கைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். விரித்துவிட்டு, கீழ் மூலையை விரலால் தட்டினார். அங்கே அக்காவின் கையெழுத்து இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய கையெழுத்தேதான். கீழே போடுகிற ஒற்றைக் கோடுகூட இருந்தது. பக்கத்தில் ஒரு கிரீஸ் கறை, கட்டைவிரல் ரேகை மாதிரி. எங்கள் ஊர்க் கூண்டின் பழைய டிராயிங்கில், அதே இடத்தில், அதே கறை உண்டு. எங்கள் சுவரில் பல வருடமாகத் தொங்குகிற டிராயிங் அது. அங்கிருந்து படம் எடுத்து, இங்கே ஒட்டியிருக்கிறார்கள். கறையைத் துடைக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

மீசை ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மொழிபெயர்க்கிற பெண் தயங்கினாள்.

"டிசைன் பத்தி அவருக்குச் சில சந்தேகம் இருக்குன்னு சொல்றாரு மேடம்" என்றாள்.

"இவ்வளவு நேரம் பேசினது அது மட்டுமா? அவர் சொன்னத அப்படியே சொல்லும்மா. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குழாய் ஏன் மெலிசா இருக்குன்னு ரெண்டு தடவ எழுதிக் கேட்டேன். ரெண்டு தடவையும், அந்த மேடமே பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, நீங்க கவலப்படாதீங்கன்னு பதில் வந்துச்சு. எங்க ஊர்ல மாட்டுத்தீவனம் ஏத்துற டிரெய்லருக்கே ரெண்டரை மில்லி குழாய் போடுறோம். மனுஷன் உக்கார்ற வண்டிக்கு ஒண்ணு புள்ளி ஆறு போதும்னு எழுதிக் கொடுத்த ஆள நேர்ல பாக்கணும்னு இருந்தேன். பாத்துட்டேன்னு சொல்றாரு."

அக்காவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. மூன்று நாளாக அந்த மனிதர் முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் இப்போது புரிந்தது. அவர் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

அக்கா ஒரு காகிதம் வாங்கினார். மீசையின் கண் முன்னால் மூன்று முறை கையெழுத்துப் போட்டார். மூன்றும் ஒன்றுபோல இருந்தாலும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. பிறகு என் போனில் இருந்த பழைய டிராயிங்கின் படத்தை எடுக்கச் சொல்லி, புது டிராயிங்குக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கறையையும் தொட்டுக் காட்டினார். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மீசை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். இந்தத் தடவை முழுக் கையையும் கொடுத்தார்.

டீ மெஷின் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்தோம். நான் அங்கேதான் சொன்னேன்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். ஒயர் பாதைய மாத்தினப்ப கேட்டேன். குழாய் வராதுன்னாங்க. விட்டுட்டேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"உனக்கும் வாய் இருக்கு, எனக்கும் காது இருக்கு" என்றார். "நடுவுல இருபதடி. அது உனக்கு அவ்வளவு தூரமா இருந்துச்சா?"

அக்கா போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அண்ணனைக் கூப்பிட்டார்.

"எப்படிம்மா போகுது பயிற்சி?" முதலாளியின் குரல் உற்சாகமாக வந்தது.

"குறுக்குக் குழாய் எங்கண்ணா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அங்க சட்டம் வேறம்மா. கொஞ்சமா வண்டி செய்றவங்களுக்கு மோதல் டெஸ்டே கிடையாது. பொறுப்பான ஆள் டிராயிங்ல கையெழுத்துப் போட்டா போதும். எடையும் பத்துப் பன்னண்டு கிலோ குறைஞ்சாத்தான் நாம சின்ன வண்டிங்கிற வகைக்குள்ள வருவோம். இல்லன்னா இந்தத் திட்டமே நிக்காது."

"அதனால என் கையெழுத்த வெட்டி ஒட்டினீங்க."

"உன்னோடது என்னோடதுன்னு பிரிச்சுப் பேசாத. கம்பெனி நம்ம ரெண்டு பேரோடதுதான?"

"கம்பெனி ரெண்டு பேரோடது. கை என்னோடது."

"எல்லாம் ஞாயித்துக்கிழம ஜாலியா ஓட்டுறவங்கம்மா. யாரும் போய் லாரில மோதப் போறதில்ல."

"லாரி வந்து மோதும்ணா. மோதுறதுக்கு முன்னாடி அந்த ஊர் சட்டப் புத்தகத்தப் புரட்டிப் பாத்துட்டா மோதும்? இங்க இருக்கிறவங்க இடுப்பு என்ன இரும்பாலயா செஞ்சிருக்கு?"

"கத்தாத. நான் உன் அண்ணன்."

"அண்ணன்கிறதாலதான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். வேற எவனாவது செஞ்சிருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பேன்."

"வியாழக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத. அந்தக் கம்பெனித் தலைவி முதல் கூண்டப் பாக்க வர்றாங்க. குட்டையக் குழப்பி விட்டுடாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்கா போனை எடுத்துப் பையில் போட்டார். "வாயத் திறக்க மாட்டேன்" என்றார். "அவங்க கண்ணத் திறந்து விடுறேன்."

அந்த ஷெட்டின் பின்பக்கம் ஒரு பெரிய ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. வளைந்த டிராக்டர் அச்சுகளை நிமிர்த்துகிற இயந்திரம். அதைக் காட்டி யோசனை சொன்னவர் மீசைதான். அடுத்த ஒன்றரை நாள் அக்காவும் அவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கூண்டின் கதவுப் பக்கம் மட்டும் இரண்டு செய்தார்கள். ஒன்று எங்கள் ஊரில் செய்கிற மாதிரி. அதற்கு வேண்டிய கனமான குழாய் அவர்களுடைய டிரெய்லர் ராக்கிலேயே இருந்தது. இன்னொன்று, அக்காவின் கையெழுத்து ஒட்டிய டிராயிங்கில் இருந்த மாதிரி. இரண்டையும் அக்காவே ஒட்டினார். மெலிந்ததையும் அதே கவனத்தோடு ஒட்டினார். "வெல்டிங் சரியில்லன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது" என்றார். அவர்கள் இருவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் விரலைக் காட்டியும் உதட்டைப் பிதுக்கியும் சண்டைகூடப் போட்டார்கள். மொழிபெயர்க்கிற பெண்ணுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். புதுக் கோட்டு, பளபளவென்று ஷூ. கூடவே அந்தக் கம்பெனியின் தலைவி. உயரமானவர், அதிகம் பேசாதவர். பச்சைத் துணி மூடிய கூண்டை நோக்கி முதலாளி கையைக் காட்டினார். மீசை குறுக்கே வந்து நின்று, முதலில் பின்பக்கம் வரும்படி தலைவியை அழைத்தார்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே" என்றார் முதலாளி. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

கனமான குழாய் வைத்த பக்கம் பிரஸ்ஸில் இருந்தது. அதற்குப் பின்னால், ஓட்டுகிறவரின் இடுப்பு எங்கே வருமோ அந்த இடத்தில், மீசை தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் வைத்தார். பிரஸ் இறங்கியது. குழாய் முனகியது. குறித்து வைத்த அழுத்தம் வந்ததும் நிறுத்தினார்கள். குழாய் வளைந்திருந்தது, உண்மைதான். ஆனால் ஹெல்மெட்டுக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல்கடை இடைவெளி மிச்சம் இருந்தது.

அடுத்தது மெலிந்த பக்கம். அதே ஹெல்மெட், அதே இடம். பாதி அழுத்தத்துக்குள்ளேயே குழாய் நடுவில் மடங்கியது; காகித உறையை மடிப்பதுபோல அவ்வளவு சுலபமாக மடங்கியது. மடங்கிய முழங்கை ஹெல்மெட்டைப் போய் இடித்து, ஸ்டாண்டோடு சேர்த்து நசுக்கியது. ஹெல்மெட் பிளந்த சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெல்டிங் பெண்கள் ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

மீசை தலைவியிடம் பேசவில்லை. எங்கள் முதலாளியைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னார். மொழிபெயர்க்கிற பெண் இந்தத் தடவை தயங்கவில்லை.

"முதல்ல பாத்தது உங்க ஊருக்குச் செய்றது. ரெண்டாவது எங்க ஊருக்குச் செய்யச் சொன்னது."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. தலைவி அவரிடம் ஒரே கேள்வி கேட்டார்: இது தெரிந்து செய்ததா?

"இல்ல இல்ல. எங்க டிராயிங் ஆபீஸ்ல ஒருத்தர் செஞ்ச தவறு. அவர்மேல கண்டிப்பா நடவடிக்கை எடுப்போம்" என்றார் முதலாளி.

எனக்கு அந்த மூன்று பிள்ளைக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. அவர் நல்லது செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொன்னவர் இங்கே கோட்டுப் போட்டு நிற்க, செய்தவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதா? போனை எடுத்து அந்த மெயிலைத் திறந்தேன்.

"தவறு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கு மெயில் வந்திருக்கு. முதலாளி சொல்லிட்டாருன்னு அதுல எழுதியிருக்கு. நான் ரெண்டு மாசமா மென்னு முழுங்கிட்டு இருந்தேன். இதோ."

போனை மொழிபெயர்க்கிற பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அங்கேயே நின்று சத்தமாக வாசித்தாள்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். "எல்லார் முன்னாடியும் என்னைத் தலை குனிய வச்சுட்டியே" என்றார்.

"குனிஞ்சது ஒன் தலைதான?" என்றார் அக்கா. அதுவரை அண்ணனை ஒருமையில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "உள்ள ஒருத்தர் உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த ஹெல்மெட்ட கேளு."

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. தலைவி திட்டத்தைக் கைவிடவில்லை, நிறுத்திவைத்தார். ஆறு கூண்டுகளையும் வெட்டிப் போடச் சொன்னார். எடை வகையை மாற்றி, குறுக்குக் குழாயோடு, புதிதாக அனுமதி கேட்டு எழுதினார். இனி எந்த டிராயிங்காக இருந்தாலும் அக்கா நேரில் வந்து பார்க்காமல் ஒரு குழாய்கூட வெட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்தார். ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று. ஐந்து மாதத்தில் எந்த வானமும் இடிந்து விழவில்லை. திட்டமே நிற்காது என்று சொன்னாரே, அது நன்றாகவே நின்றது. இப்போது அங்கே வண்டி தயாராகிறது, விற்கிறது, ஓடுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிய வாரமே டிராயிங் பார்க்கிறவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அக்கா அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துக் கால் மணி நேரம் அவரை வறுத்தெடுத்தார். "என் பேர ஒட்டுறப்ப ஒன் கை கூசலையா?" என்றார். அந்த மனிதர் அழுதார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அக்கா நேராக அண்ணனின் கண்ணாடி அறைக்குப் போனார். "ஒட்டினவனுக்கு வேலை போச்சு. ஒட்டச் சொன்னவனுக்கு?" என்று கேட்டார். வேலை போன டிராயிங்காரர் இப்போது இரும்புக் கேட் செய்கிற பட்டறை ஒன்றில் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். என்னை நீக்க முடியவில்லை, அந்தத் தலைவி என் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டதால்.

வண்டி அங்கே விற்பனைக்கு வந்த வாரம் பேப்பரில் விளம்பரம் வெளியானது. முழுப் பக்கம். நடுவில் அந்தப் பிளந்த ஹெல்மெட்டின் படம்! கீழே பெரிய எழுத்தில்: "ஒரு குழாயைக்கூட விட்டுக்கொடுக்காதவர்கள் நாங்கள்." அதற்கும் கீழே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். மற்றவர்கள் உயிரில் கை வைக்கப் பார்த்து, பிடிபட்டு, பிடிபட்டதையே பெருமையாக விற்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அக்கா அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். மறுநாளிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்தினார். வேலைக்கு வந்தார், கூண்டு செய்தார், அளந்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லி அனுப்புவார்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணனும் அண்ணியும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஸ்விட்ச்போர்டு ஒன்றைச் சரிசெய்ய நான் அங்கே போயிருந்தேன். அண்ணிதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அக்காவின் கணவர் நாற்காலி போட்டார். முதலாளி உட்காரவில்லை.

"ஒரே ரத்தம். எத்தன நாளைக்கு இப்படி மூஞ்சிய திருப்பிட்டு இருப்பீங்க?" என்றார் அண்ணி. "சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்களோ அதச் சொல்லுங்க."

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்புத்தாம்மா. மன்னிச்சிரு" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கென்னண்ணா, என் பேர்தான் கெட்டுச்சு. நான் தாங்கிக்கிட்டேன். அந்த ஃபோர்மேன்கிட்ட மன்னிப்பு கேளு. அங்க வெல்டிங் பண்ற ஏழு பொண்ணுங்ககிட்ட கேளு. அவங்க கையாலயே அவங்க ஊர் ஆளுங்களுக்கு அந்தக் கூண்ட செய்ய வச்சியே, அவங்ககிட்ட கேளு. இங்க வேலை போன மனுஷன்கிட்ட கேளு. கேட்டுட்டு வா, டீ போட்டுத் தர்றேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சு போச்சே" என்றார் முதலாளி.

அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணி தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் எழுந்து அக்காவின் பின்னாலேயே உள்ளே போனார். முதலாளி கூடத்தில் தனியாக நின்றார். என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்" என்றார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். அக்கா சொன்னதுதான் சரி" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எட்டு மாதம் ஆகிவிட்டது. மொழிபெயர்க்கிற பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டு மீசையோடு நான் வாரத்துக்கு ஒருமுறை வேலை விஷயமாகப் பேசுகிறேன். முதலாளி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுகிறேன். இன்றுவரை அவருக்கு அப்படி ஒரு போன் வரவில்லை.